எல்லாமே முந்திதான்

முள்ளிப்பட்டிலிருந்து கிளம்பும் எந்த ஒருநாள் சுற்றுலா வேனிலும், டிரைவருக்குப் பின்சீட்டில் இவர் ஒருவர் இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது. சட்டைப் பையில் மடித்த கிராஃப் தாள், செல்போன் நிறையப் புட்டா படங்கள். நாலைந்து தறிகளுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்து, பட்டுச்சேலையாக நெய்து வாங்குகிறவர். ஊரில் பெயர் ‘டிசைன்காரர்’. மற்றவர்கள் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். இவர் சுட்டுக்கொண்டு வரப் போகிறார்.

இந்தத் தடவை வேன் போவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்துக்கு, சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு. போளூர் பக்கம் திருமலையில், குந்தவை பெயரைச் சுமக்கும் சமணக் கோயிலில் பழைய ஓவியங்கள் இருக்கின்றனவே என்று கேட்டால், “அது இங்கதானே கீது, எப்ப வேணா போலாம்” என்பார். இதுவரை போனதில்லை.

செய்யாறு தாண்டியதும் கூட வரும் மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துப் படிக்க ஆரம்பிப்பார்.

“பாரிஸ் பக்கத்துல ஓவேர்னு ஒரு ஊரு மாமா. வான்கோ 1890-ல சாகறதுக்கு முன்னாடி எழுபது நாள் அங்கதான் இருந்தாராம். அவர் தங்கின ரூமை டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க.”

“உள்ள இன்னா கீது?”

“ஒண்ணும் இல்ல. காலி ரூம்.”

“ஸ்டாக்கே இல்லாம கடை நடத்துறானுங்க, பாரு!”

சோழமண்டலத்து அருங்காட்சியகத்தில் அவர் முதலில் நிற்பது கே.சி.எஸ். பணிக்கர் படத்தின் முன்னால். “யாரோ கூலி நோட்டை மாட்டி வெச்சிருக்காங்க.” வேனில் வந்த கல்லூரிப் பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் பணிக்கர் 1960-களில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் கணக்குக் குறிகளும் படிக்க முடியாத எழுத்தும் நிஜமாகவே உண்டு. பெரியவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டில் செய்த சிற்பத்தைக் கண்டதும் கை தானாக நீளும். வாழ்நாளெல்லாம் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்த நகம் அது.

“ஐயா, தொடக்கூடாது.”

“தொடாம தரம் எப்படிங்க தெரியும்?”

அடுத்து, எங்கே போனாலும் அவர் கேட்கிற கேள்வி: “இத வெச்சு சாப்பிட்டாங்களா?”

கேட்டவர் இவர் என்பதால்தான் சிரிப்பு வருகிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த பணிக்கரைக் குடைந்ததும் இதே கேள்விதான். படித்து முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ வேலையில் சேர்ந்து, வரைவதையே விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவரும் மாணவர்களும் கண்ட வழி கைத்தொழில். துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றி, பாடிக் செய்து விற்றார்கள். அப்படிச் சேர்ந்த காசில் சுமார் 10 ஏக்கர் வாங்கி, 1966-ல் இந்தக் கிராமத்தை உண்டாக்கினார்கள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த இடமல்ல. துணி விற்று வாங்கிய மனை.

‘துணி’ என்ற சொல் காதில் விழுந்ததுமே பெரியவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும். “அட, நம்ம ஆளுங்க!” பிறகு கேள்வி மேல் கேள்வி. சாயம் போச்சா? மெழுகு யார் காசு? கடனுக்குக் கொடுத்தாங்களா, கைக்காசா? இதையெல்லாம் கலை விமர்சகர்கள் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நமக்கு இன்னும் கொஞ்சம் நல்ல புத்தகங்கள் கிடைத்திருக்கும்.

கடைசியாக ஓவியர் ராமானுஜத்தின் கோட்டோவியம். இங்கேயே வாழ்ந்து, 1973-ல் முப்பது சொச்சம் வயதிலேயே இறந்துபோனவர். மாடமாளிகைகள், விநோத மிருகங்கள், ஊசி நுழைய இடம் விடாத பேனாக் கோடுகள். “இது முகூர்த்த முந்தி மாப்ள!” கிராஃப் தாளை முழங்காலில் விரித்து, அங்கேயே உட்கார்ந்து ஒரு மிருகத்தின் வாலை மட்டும் கட்டம் கட்டமாக இறக்கிவிடுவார். அதற்குள் வேன் ஹாரன் அடிக்கும்.

மறுநாள் காலை தாள் அட்டை குத்துகிறவரிடம் போகும். ஜக்கார்டில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ராமானுஜத்தின் வால் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கிறது. அட்டைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். பெரியவர் தாளை நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை பிடித்துப் பார்ப்பார்.

“வால எடுத்துடு. மூஞ்சியக் கொஞ்சம் உருட்டு. காம்பு ஒண்ணு வை.”

அடுத்த மாதம் தறியில் ஏறியிருப்பது மாங்காய் புட்டா.