மூடச் சொன்ன கண்கள்

1990ஆம் ஆண்டு தொடக்கம். பேசாலையில் மாமா வீட்டு முற்றம். வாடகைக்கு எடுத்த ரீவி, டெக், வேலிக்கு வெளியே மண்ணெண்ணெய் புகைய இரையும் ஜெனரேற்றர். மணலில் பாய் விரித்துச் சிறுவர்கள் முன்னுக்கு, பெண்கள் பின்னுக்கு, ஆண்கள் வேலியோரம் நின்றபடி. காதலனும் காதலியும் கொஞ்சம் நெருங்கினால் போதும், மாமி எழும்பிவிடுவா.

"பிள்ளையள், கண்ணை மூடுங்கோ!"

சேலைத் தலைப்பை விரித்துத் திரையை மறைப்பா. விரலிடுக்கால் நாங்கள் கண்டதெல்லாம் இரண்டு பூக்கள் உரசிக்கொள்வதைத்தான்.

வில்லன் ஒருத்தியின் தாவணியைப் பிடித்து இழுக்கும்போது மாமி ஒருநாளும் எழும்பியதில்லை. அவள் ஓடுவாள், கத்துவாள், கதவு சாத்தப்படும், வளையல் உடையும். எட்டும் பத்தும் வயதுப் பிள்ளைகள் நாங்கள் அதை முழுதாகப் பார்த்தோம். இரண்டு பேர் விரும்பித் தொட்டால் அசிங்கம், ஒருத்தன் பலவந்தமாகத் தொட்டால் கதை என்றுதான் எங்கள் மனதில் பதிந்தது.

அப்போது ஊரை அழவைத்த படம் பார்த்திபனின் 'புதிய பாதை'. தன்னைக் கெடுத்தவனையே தேடிப்போய் மணந்து, அவனை மனிதனாக்கும் பெண்ணின் கதை. 1989இல் வந்து, சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. மாமி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதா. நானும் அழுதேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தா. கிணற்றடியில் வைத்து ஒருத்தன் அவவின் கையைப் பிடித்து இழுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. அவவிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் கூடி, "இனி ஆர் இவளைக் கட்டுவான், அவனுக்கே குடுங்கோ" என்று முடித்தார்கள். கலியாணத்தன்று அவவின் கைவளையல்கள் முழங்கை வரை இறங்கி ஏறிக்கொண்டே இருந்தன, அவ்வளவு நடுக்கம். குனிந்த தலையைப் பார்த்து "நல்ல வெக்கம்" என்றார்கள். அந்த ஜூனில் சண்டை மூண்டது. அவனோடு படகேறி தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்குப் போனவ, பிறகு எங்கள் ஊருக்கு வரவே இல்லை.

அதே முற்றத்தில் மணிரத்னத்தின் 'மௌன ராகம்' படமும் ஓடியது. 1986இல் வந்தது. தொட வேண்டாம் என்கிறாள் புது மனைவி. கணவன் கையை எடுத்துக்கொண்டு காத்திருக்கிறான். அதற்கும் அதே தேசிய விருதுதான். எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. "இவனெல்லாம் ஒரு ஆம்பிளையோ?" என்று வேலியோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. இன்றைக்கும் அது என் காதில் நிற்கிறது.

இப்போது ஜெனரேற்றரும் இல்லை, பாயும் இல்லை. மகளுக்கு வயது பதினைந்து, கையில் போன். பின்னேரம் நாடகம் ஓடுகிறது. மயங்கிக் கிடப்பவளுக்குத் தாலி கட்டுகிறான் நாயகன். அவளும் நூறு அத்தியாயத்துக்குள் அவனுக்காக விரதம் இருக்கிறாள். மகள் கேட்டாள்: "அம்மா, இவள் ஏன் பொலிசுக்குப் போகேல்லை?"

முப்பது வருசத்துக்கும் முன் அந்த அக்காவுக்காக ஒரு ஆளும் கேட்காத கேள்வி அது.

2019இல் வந்த 'நேர்கொண்ட பார்வை'யை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவள் காதலியானாலும் மனைவியானாலும் என்று நீதிமன்றத்தில் வாதாடும் படம். மனைவி விசயத்தில் எங்கள் இலங்கைச் சட்டம் அந்தப் படத்துக்கும் பின்னால்தான் நிற்கிறது. 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவைப்படி, நீதிமன்றம் பிரித்து வைத்திருந்தால் மட்டுமே மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவது வல்லுறவு. இதைச் சொன்னபோது மகள் நம்பவில்லை. அவளே தேடி வாசித்துவிட்டு, கனநேரம் பேசாமல் இருந்தாள்.

மாமி இப்போது இல்லை. அவவில் எனக்குக் கோபமும் இல்லை, தனக்குத் தெரிந்த விதத்தில்தான் எங்களைக் காத்தா. தாய்மாரிடம் நான் கேட்பது இதுதான்: போனைப் பறிக்காதீர்கள், கண்ணை மூடச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். திரையில் அவன் அவளுடைய கையைப் பிடிக்கும்போது, "இவளிட்ட ஆராவது கேட்டவையோ?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஆண்பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள்.