எடிசன் ஊரில் நியூட்ரல் போன கதை

எடிசன், நியூ ஜெர்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டது, கரண்ட் வந்துவிட்டது, கிரைண்டர் ஓடுகிறது. இந்த மூன்றையும் முதலிலேயே சொன்னால்தான் அம்மா மிச்சக் கடிதத்தை நிம்மதியாகக் கேட்பாள்.

"போன்ல பாதியை முழுங்கிட்ட. நடந்தது நடந்தபடி எழுதி அனுப்புலே, டீக்கடையில அண்ணாச்சிமாருக்குப் படிச்சுக் காட்டணும்" என்று சொன்னீங்க. 34 வருஷம் ஈபியில் லாக் புக் எழுதிய கைக்கு வாய்வார்த்தை போதாதுதான். எழுதுகிறேன். தப்பிருந்தால் சிவப்பு மையில் திருத்துங்க. ஒரே ஒரு வேண்டுகோள், தொகை வரும் இடங்களில் அம்மா பக்கத்தில் இருந்தால் இருமிக்கொண்டே தாண்டிவிடுங்க.

அன்றைக்கு ஆடி வெள்ளி. சாயங்காலம் இடியும் மழையுமாக ஒரு மணி நேரம் ஊற்றியது. உங்க மருமகள் மாவரைக்க கிரைண்டரைப் போட்டாள். ஹால் விளக்கு அகல்விளக்கு மாதிரி சுருங்கியது. அதே நேரம் மாடியில் பெரியவன், "அப்பா, என் ரூம்ல கல்யாண வீடு மாதிரி எரியுது" என்று கத்தினான். கிரைண்டரை நிறுத்தினால் இரண்டும் பழையபடி. போட்டால் இங்கே மங்கும், அங்கே பளிச். முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய இழை பல்புகளை மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே வைத்திருந்தேன். அந்தச் சோம்பல்தான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது.

அரியர் இல்லாமல் பி.இ. எலக்ட்ரிகல் முடித்தவன் நான். இரண்டு வயலை ஒத்திக்கு வைத்துப் படிக்க வைத்தீங்க. அன்றைக்கு எனக்குத் தோன்றிய ஒரே முடிவு, வீட்டில் காத்துக் கருப்பு ஏதோ புகுந்துவிட்டது என்பதுதான். அப்போதுதான் உங்களுக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே ராத்திரி ஏழரை, அங்கே விடிகாலை அஞ்சு. பல்லில் குச்சியோடு இருந்தீங்க. நான் பாதி சொல்வதற்குள்ளே வந்தது உங்க தீர்ப்பு. "ஏலே, நியூட்ரல் போயிருக்குலே. முதல்ல மெயினை ஆஃப் பண்ணு, பொறவு பேசு."

நம்ம தெருவில் ஒரு தடவை நியூட்ரல் அறுந்து பதினாறு டிவி ஒரே நேரத்தில் புகைந்ததும், சைக்கிளை மிதித்துக்கொண்டு நீங்க ஓடியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இங்கே மூணு ஃபேஸ் கிடையாது. தெருவிலிருந்து வீட்டுக்கு 240 வோல்ட் வருகிறது, நடுவில் ஒரு நியூட்ரல் போட்டு அதை இரண்டு 120ஆகப் பிரிக்கிறார்கள். பாதி வீடு ஒரு பக்கம், பாதி வீடு மறுபக்கம். நடுக்கம்பி கழன்றால் இரண்டு பக்கமும் அந்த 240ஐச் சண்டைபோட்டுப் பங்கு பிரித்துக்கொள்ளும். சுமை அதிகமான பக்கம் பட்டினி, சுமை குறைந்த பக்கம் அஜீரணம். பரீட்சையில் இதற்குப் பத்து மார்க் வாங்கியிருக்கிறேன். நேரில் பார்த்தபோது திருநீறைத் தேடினேன்.

"டெஸ்டரை எடு" என்று சொன்னீங்க. இல்லை என்று சொன்னேன். அதற்கப்புறம் நீங்க ஒன்றும் பேசாமல் இருந்ததுதான் அன்றைக்கு எனக்கு விழுந்த பெரிய ஷாக். 2009இல் நான் கிளம்பும்போது நீங்க ஆசையாக வாங்கி வைத்த டெஸ்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், சென்னை விமான நிலையத்தில் பாதுகாப்புக்காரரிடம் பறிகொடுத்த கதையை இன்றுவரை உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ஊர் பெயரை நினைத்தால்தான் சிரிப்பு. 1876இல் தாமஸ் ஆல்வா எடிசன் வந்து ஆய்வுக்கூடம் போட்ட மென்லோ பார்க் இந்த ஊருக்குள்தான் இருக்கிறது. 1879இல் அவர் பல்பை எரியவைத்ததும் இங்கேதான். ராரிட்டன் டவுன்ஷிப் என்று இருந்த ஊர் 1954இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அந்த இடத்தில் 1938இல் திறந்த கோபுரத்துக்குக் கலசம் இருக்கவேண்டிய இடத்தில் ராட்சத பல்பு. அதிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில், மொபைல் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நிலவறைப் படியில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். மனிதர் டிசி கட்சி. ஏசி வேண்டாம் என்று அவ்வளவு தூரம் எச்சரித்தாரே, கேட்டார்களா?

முதலில் மின்சாரக் கம்பெனிக்குப் போன் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் வந்தார்கள், காசு கிடையாது. ஏணி இல்லை, கம்பத்தில் ஏறவும் இல்லை. லாரியிலேயே ஒரு தொட்டி. அதில் நின்றுகொண்டு பட்டனை அமுக்கினால் தேர் மாதிரி மேலே போகிறது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீங்க மழையில் ஏறிய கம்பங்களை நினைத்துக்கொண்டேன். அளந்து பார்த்துவிட்டு, "எங்க பக்கம் சரியா இருக்கு, கோளாறு உங்க பக்கம்" என்றார்கள். எது எங்க பக்கம், எது அவங்க பக்கம் என்பதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரமே எழுதலாம். கம்பத்திலிருந்து சுவர் உச்சி வரை வரும் வயர் அவர்களுடையது. உச்சியிலிருந்து இறங்கும் கேபிள் எங்களுடையது. மீட்டர் பெட்டி எங்களுடையது, உள்ளே இருக்கும் மீட்டர் அவர்களுடையது. ஆபத்து என்று சொல்லி மேலே இணைப்பைக் கழற்றிவிட்டு, "எலக்ட்ரீஷியன் முடித்ததும் கூப்பிடுங்க" என்று போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எலக்ட்ரீஷியன் தேடுவது முகூர்த்த நாளில் நாதஸ்வரக்காரரைத் தேடுவது மாதிரி. முதல் நம்பரில் பாட்டு மட்டும் ஓடியது. இரண்டாவது ஆள் என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கிரெடிட் கார்டு நம்பரைக் கேட்டார். மூன்றாவது நம்பரில் ஒரு அம்மா, "கருகின வாசனை வருதா? புகை தெரியுதா? வந்தா இந்தப் போனை வெச்சுட்டு 911ஐக் கூப்பிடுங்க" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே மனசில் குறித்துக்கொண்டேன்.

நான்காவது ஆள் நம்ம ஆள். மளிகைக்கடை அறிவிப்புப் பலகையில் கிடைத்த நம்பர். "பெர்மிட்லாம் எதுக்கு சார், கேஷா குடுங்க, பாதி ரேட்டுல முடிச்சுத் தரேன்" என்று நல்ல தமிழில் சொன்னார். ஒரு நிமிஷம் ஆசை வந்தது நிஜம். ஆனால் கொடை விழாவுக்குக் கொக்கி போட்ட கோயில் கமிட்டிக்கே அபராதம் எழுதிய லைன் இன்ஸ்பெக்டர் மகன் நான். அதோடு, பெர்மிட் இல்லாத வேலையால் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரன் அதையே சாக்காக வைத்துக் கையை விரித்துவிட்டால் என்ன செய்வது? மூன்றாவது நம்பருக்கே திரும்பப் போனேன். வந்து பார்க்கவே 325 டாலர். (இங்கே இருமவும்.)

பத்தரைக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். நல்ல ஆகிருதி, வெள்ளைத் தாடி. வண்டியிலேயே லைசென்ஸ் நம்பர் எழுதியிருந்தது. அதை மாநில அரசின் பட்டியலில் சரிபார்த்த பிறகுதான் கதவைத் திறந்தேன், நீங்க சொன்ன மாதிரியே. உங்க மருமகள் வாசலில் நின்றுகொண்டு செருப்பைக் கழற்றச் சொல்ல வாயெடுத்தாள். மனிதர் பையிலிருந்து நீல பிளாஸ்டிக் உறை இரண்டை எடுத்து பூட்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். ஆடி வெள்ளியன்று பூட்ஸுக்குச் சட்டை போட்டுவந்த மனுஷனுக்கு அவள் பாயசமே கொடுத்தாள்.

வந்ததும் எதையும் தொடவில்லை. முதலில் தன் மீட்டரைத் தன்னிடமிருந்த ஒரு சின்னக் கருவியில் வைத்துச் சோதித்தார். பிறகு எங்கள் பெட்டியில் வைத்தார். மறுபடியும் கருவியில் வைத்தார். பெட்டியில் கரண்ட் இல்லை என்று தெரிந்தால் போதாதாம், சொன்ன மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்றும் தெரியவேண்டுமாம். நீங்க புறங்கையால் தட்டிப் பார்ப்பதைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார்.

மூடியைக் கழற்றும்போதுதான் நீங்க மறுபடி லைனில் வந்தீங்க. "அந்தக் கறுப்பு வயரைப் புடிச்சு ஆட்டிப் பார்க்கச் சொல்லுலே, அதான நியூட்ரலு." நானும் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்பா, இங்கே கறுப்பும் சிவப்பும் ஃபேஸ். வெள்ளைதான் நியூட்ரல். நம்ம ஊரில் ஆளைக் காப்பாற்றும் நிறம் இங்கே ஆளை அடிக்கும். உங்களைப் பற்றிச் சொன்னதும், "உங்க அப்பாவும் லைன் வேலையா? போனைக் கொடு" என்று கேட்டு வாங்கி, வெளியே மீட்டர் பெட்டிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

குற்றவாளி அங்கேதான் இருந்தது. கேபிளின் மேலுறை வெயிலில் வெடித்து, மழைத்தண்ணீர் அதற்குள்ளேயே வழிந்து மீட்டர் பெட்டிக்கும், அங்கிருந்து நிலவறைப் பெட்டிக்கும் வருஷக்கணக்காக இறங்கியிருக்கிறது. நியூட்ரல் அலுமினியம். வயரை இறுக்கும் லக்கைச் சுற்றி வெள்ளைப்பொடி, அசல் விபூதி மாதிரி. விரலால் தட்டியதும் வயரே கையோடு வந்தது. நீங்க போனில் "அரிச்சுப்போச்சு, வெட்டியெறிஞ்சுட்டு நல்லாத் தேச்சுப் பசை போடணும்" என்று தமிழில் சொல்கிறீங்க. அவர் அதே நேரம் நுனியை வெட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாம்பல்நிறப் பசையைத் தடவிக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறார். நடுவில் மொழிபெயர்க்க நான் நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. டார்ச் பிடிக்க மட்டும் சொன்னார்கள்.

ராத்திரி ஒன்றரைக்குக் கம்பெனி லாரி வந்து இணைப்பு கொடுத்தது. இது தற்காலிகம்தான். நிலவறைப் பெட்டி, அதாவது பேனல், முழுக்கத் துரு, மாற்றும்வரை ஏசியும் துணி உலர்த்தும் மெஷினும் கூடாது என்றார் எலக்ட்ரீஷியன். அவசர வேலையை ராத்திரியே செய்யலாம், பெர்மிட்டுக்குப் பிறகு எழுதிப்போட வேண்டுமாம்.

பேனல் மாற்ற மூன்று பேரிடம் விலை கேட்டேன். 3,900, 4,650, 7,200. முதல் ஆள் வெளிக்கேபிளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மூன்றாவது ஆள் கணினியில் படம் காட்டினார், பேனலைத் திறந்து பார்க்கவில்லை. நடுவில் இருப்பவர்தான் நம்ம பாயசக்காரர். பெர்மிட், மேலிருந்து கீழ்வரை புதுக்கேபிள், மீட்டர் பெட்டி, எர்த் எல்லாம் சேர்த்து. (பலமாக இருமவும்.)

பழையது 100 ஆம்பியர், புதியது 200. அன்றைக்கு நீங்க வாய்விட்டுக் கணக்குப் போட்டது காதிலேயே இருக்கிறது. "200ஐ 240ஆல பெருக்கு... 48 கிலோவாட்டாலே? ஒத்த வீட்டுக்கா? 63 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை நாங்க ஒரு தெருவுக்கே வைப்போம்!" எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது அப்பா. ஏசி, அடுப்பு, வெந்நீர் பாய்லர், நாளைக்கு வாங்கப்போகும் மின்சாரக் கார் என்று கூட்டிப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் நீச்சல்குளத்துக்குத் தனியாகக் கேட்டிருக்கிறார். அதை அண்ணாச்சிமாரிடம் சொல்லவேண்டாம், நம்பமாட்டார்கள்.

வேலை ஒரே நாள், எட்டிலிருந்து நாலரை வரை. உங்களுக்குப் பிடித்த கட்டம் எர்த். எட்டு அடி நீளத்தில் செம்பு பூசிய இரண்டு கம்பிகளை ஆறடி இடைவெளி விட்டு மெஷினால் மண்ணுக்குள் இறக்கினார்கள். நீங்க கேட்கச் சொன்னபடியே, "கரியும் உப்பும் போடமாட்டீங்களா? கோடையில் தண்ணீர் ஊற்றணுமா?" என்று கேட்டேன். அவருடைய உதவியாள் பையன், "இது எர்த்தா, ஊறுகாயா?" என்று சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. "உப்புப் போட்டா மண்ணு நல்லாக் கடத்தும், உங்க அப்பா சொல்றது சரிதான்" என்று பையனை ஒரு முறை முறைத்தார். உங்க கட்சி ஜெயித்தது. ஒவ்வொரு திருகையும் எவ்வளவு இறுக்கம் என்று எண் காட்டும் முடுக்கியால்தான் முடுக்கினார். கைப்பதம் இங்கே செல்லாது.

அன்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லாததில் ஃபிரிஜ்ஜிலிருந்த மாவு பொங்கி, இறால் டப்பா மேலெல்லாம் வழிந்து விட்டது. இதை அம்மாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

கடைசியில் ஒரு வேலையை எங்களிடம் கொடுத்தார். எந்த பிரேக்கர் எதற்கு என்று எழுதி ஒட்டவேண்டும், அது சட்டம். பழைய பெட்டியில் "பாபி அறை", "தையல் மெஷின்", "இதைத் தொடாதே" என்று பென்சிலில் எழுதியிருந்தது. வீடு கட்டியது 1961இல். பாபிக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கும். உங்க மருமகள் உட்கார்ந்து தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு பட்டியல் எழுதினாள். சாமி ரூம், கிரைண்டர், அடுக்களை வலது, அடுக்களை இடது.

நான்கு நாள் கழித்து டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்தார். எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தார், டார்ச் அடித்து ஒவ்வொரு லக்காகப் பார்த்தார், காபி வேண்டாம் என்றார். ஐம்பது ரூபாய் பழக்கத்தில் என் கை சட்டைப்பைக்குப் போனதை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் கையெழுத்துப் போட்ட கட்-இன் கார்டு போனால்தான் கம்பெனி நிரந்தர இணைப்பு கொடுக்கும். ஒப்புதல் ஸ்டிக்கரை ஒட்டுவதற்கு முன்னால் பட்டியலில் விரல் வைத்து, "14ஆம் நம்பர், அப்பா அறை. அவர் எங்கே?" என்று கேட்டார். கீழ்த்தளத்தில் ஜன்னலோரம் நாங்கள் ஒழித்து வைத்திருக்கும் அறை அது. இன்னும் வரவில்லை, விசா அலுவலகத்து வரிசையில் நிற்கமாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு ஒட்டினார்.

14ஆம் நம்பர் இருபது ஆம்பியர், தனி லைன். நீங்க வரும்போது ஒரு டெஸ்டர் வாங்கி வாங்க. கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்க.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்