காத்திருப்பு இலக்கணம்: லவுஞ்ச் இயல்

விமான நிலையத்துப் பிசினஸ் கிளாஸ் லவுஞ்சில் ஒருவர் எதை எதிர்பார்க்கலாம் என்ற வினாவுக்கு இதுவரை இரண்டு கட்சியார் விடை கூறியுள்ளனர். முதலாவது சோற்றுக் கட்சி. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை வாய் வழியாகத் திரும்பப் பெறும் இடமே லவுஞ்ச் என்பது இவர்கள் கொள்கை. இரண்டாவது சாய்வுக் கட்சி. கால் நீட்டவும், குளிக்கவும், செல்போனுக்கு சார்ஜ் ஏற்றவுமே லவுஞ்ச் தோன்றியது, சோறு இடைச்செருகல் என்பர் இவர்கள். இரு கட்சியாரும் பஃபே மேசையருகே ஒரே வரிசையில் நிற்கக் காண்கிறோம் ஆதலின், வேறுபாடு ஏட்டளவில் மட்டுமே என்க.

நாம் மூன்றாம் கட்சி. லவுஞ்சில் எதிர்பார்க்க வேண்டியது கதவு. நுழையும் கதவு அன்று. நுழைந்து, உட்கார்ந்து, ஒரு மிடறு காபி குடித்த பிறகு கண்ணில் படுகிற அடுத்த கதவு. இதை நிறுவுவதே இவ்வியலின் நோக்கம்.

முதலில் வரலாறு. 1939இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்மிரல்ஸ் கிளப்’ என்ற அறையைத் திறந்தது. விமானங்களுக்கு ‘ஃபிளாக்‌ஷிப்’ என்று பெயரிட்டிருந்த நிறுவனம் அது. கப்பல் இருந்தால் தளபதி வேண்டுமல்லவா? வேண்டிய வாடிக்கையாளர்களுக்கு அட்மிரல் பட்டம் கொடுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். அழைப்பு வந்தவருக்கே அனுமதி. பணத்தை நீட்டினாலும் கதவு திறக்காது. பிற்காலத்தில் சந்தா கட்டினால் எவரும் அட்மிரல் ஆகலாம் என்றாயிற்று. 1992இல் பிரையாரிட்டி பாஸ் வந்தது. எந்த விமானத்தில் போனாலும், எந்த வகுப்பில் போனாலும், அட்டையைக் காட்டினால் உள்ளே விட்டார்கள். அதன்பின் வங்கிகள் களமிறங்கின. இந்தியாவின் உள்நாட்டு முனையங்களில் சில கார்டுகளைத் தேய்த்தால் கழிவது இரண்டே ரூபாய். சென்னை மாநகரப் பேருந்தில் குறைந்தபட்ச டிக்கெட்டே 5 ரூபாய் என்பதை இங்கே நினைவில் கொள்க. வாசலில் வரிசை வளர்ந்தது. மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்தால்தான் அனுமதி என்று வங்கிகள் நிபந்தனை விதித்தன. ‘லவுஞ்சுக்காகவே இந்த மாசம் ஃபிரிட்ஜ் வாங்கினேன்’ என்று சொல்லும் பயணிகள் இந்த அதிகாரத்துக்கு உரியவர்கள்.

அற்றேல், பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டே கையில் உள்ளவருக்கு இந்தத் தொல்லை இல்லையே எனின், அதுவும் முழு உண்மையன்று. 2019இல் எமிரேட்ஸ், லவுஞ்ச் உரிமை இல்லாத மலிவு பிசினஸ் கட்டணத்தைக் கொண்டுவந்தது. ஃபின்ஏரும் கத்தார் ஏர்வேஸும் அதே வழியில் சென்றன. படுக்கையாக விரியும் இருக்கை உண்டு, சோபா இல்லை. ஆகவே கற்றுக்குட்டிக்கு முதல் விதி: டிக்கெட்டின் சின்ன எழுத்துகளை வீட்டிலேயே படித்துவிடுக. முகப்பு மேசையில் இருப்பவரை அடிக்கடி பறப்போர் ‘லவுஞ்ச் டிராகன்’ என்று அழைப்பதுண்டு. போர்டிங் பாஸ் ஸ்கேனரில் சிவப்பு விளக்கு எரியும்போது அப்பெயரின் பொருத்தம் விளங்கும். இன்னொன்று: சொந்த லவுஞ்ச் இல்லாத ஊரில் விமான நிறுவனங்கள் பொது லவுஞ்சுக்கே அனுப்பும். அங்கே முப்பதாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கும் இரண்டு ரூபாய்த் தேய்ப்புக்கும் கிடைப்பது ஒரே பாத்திரத்து உப்புமா.

இனி உணவதிகாரம். இதைச் சுருக்கினால் சோற்றுக் கட்சியார் மன்னிக்க மாட்டார்கள். ஹாங்காங்கில் கேதே பசிபிக் லவுஞ்சின் நூடுல் பாரில் ஆர்டர் சொன்னதும் கையில் ஒரு கருவி தருவார்கள். அது அதிர்ந்தால் வான்டன் சூப் தயார். பன்னாட்டு வர்த்தகத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் மனிதர்கள், மடியிலிருக்கும் கருவி எப்போது அதிரும் என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிங்கப்பூரின் சாங்கியில் லக்சா. ஜப்பான் ஏர்லைன்ஸின் சகுரா லவுஞ்சில் மாட்டிறைச்சிக் கறிக்குத் தனிப் புகழ் உண்டு. ஜப்பானிய லவுஞ்சுகளில் பீர் ஊற்றும் எந்திரமும் உண்டு: கோப்பையை வைத்தால் தானே சாய்த்து, ஊற்றி, நிமிர்த்தி, மேலே நுரையும் வைத்துத் தரும். பீர் வேண்டாதவர்களும் அதன் முன் நின்று ஒருமுறை வேடிக்கை பார்க்கிறார்கள்.

உணவதிகாரத்தின் மையச் சிக்கல் ‘இருவிருந்து ஒருவயிறு’ எனப்படும். பிசினஸ் கிளாஸ் பயணிக்கு விமானத்துக்குள் மேசைத்துணி விரித்து, பீங்கான் தட்டில் சாப்பாடு வரப்போகிறது. அதற்கும் அவர்தான் பணம் கட்டியிருக்கிறார். தெரிந்தும் லவுஞ்சில் மூன்று தட்டு நிரப்புகிறார். மேலே ஏறியதும் ‘எனக்கு வேண்டாம், தூங்கப்போகிறேன்’ என்கிறார். இலவசமாகத் தோன்றுவதை உண்டு, விலை கொடுத்ததை விட்டுவிடும் இந்த நடத்தைக்குப் பொருளாதாரத்தில் விளக்கம் தேடுவது வீண். நம் கல்யாணப் பந்தியில் மொய் எழுதியவர் எவரையும் கேட்டுப் பார்க்கலாம்.

சோற்றுக் கட்சியின் எல்லைநிலைச் சான்று சீனாவிலிருந்து கிடைக்கிறது. முழுத்தொகையும் திரும்பப் பெறத்தக்க ஒரே ஒரு முதல் வகுப்பு டிக்கெட்டை ஒருவர் வாங்கினார், ஷிஆன் விமான நிலைய லவுஞ்சில் சாப்பிட்டுவிட்டுப் பயணத் தேதியை மாற்றினார், மறுநாளும் அவ்வாறே. ஓராண்டுக்குள் தேதி முன்னூறு முறைக்குமேல் மாறியதாக 2014இல் செய்தி வெளியானது. நிறுவனம் விழித்துக்கொண்டபோது டிக்கெட்டை ரத்து செய்து பணத்தையும் வாங்கிக்கொண்டாராம். பறக்கவே இல்லை. சாய்வுக் கட்சியின் எல்லைநிலை சாங்கியில், 2016இல். விமானத்தைத் தவறவிட்ட ஒருவர், கணினியில் போலி போர்டிங் பாஸ்களைத் தயாரித்து, லவுஞ்ச் மாறி லவுஞ்ச் நுழைந்து 18 நாள் குடியிருந்தார். நீதிமன்றம் இரண்டு வாரச் சிறை கொடுத்தது. லவுஞ்சில் இருந்ததைவிடச் சில நாள் குறைவு.

இவ்விருவரும் கதவைத் திறந்து உள்ளே போனவர்கள். ஆனாலும் எத்தனையாவது கதவு என்று கேட்பதே நம் கட்சியின் வேலை. சாங்கி மூன்றாம் முனையத்தைப் பாருங்கள். தங்க அட்டை வைத்திருக்கும் எகானமி பயணிக்கு கிரிஸ்ஃபிளையர் கோல்டு லவுஞ்ச். பிசினஸ் பயணிக்கு சில்வர்கிரிஸ். முதல் வகுப்புக்கு சில்வர்கிரிஸிலேயே தனிப் பகுதி. அதையும் தாண்டி உள்ளே ‘தி பிரைவேட் ரூம்’. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த முதல் வகுப்பு, சூட்ஸ் பயணிகளுக்கு மட்டும் அது. பிராகாரம் பிராகாரமாகப் போகும் பெரிய கோயில் அமைப்புதான். அங்கே கடைசிவரை உள்ளே போனால் சாமியாவது இருக்கும். ஹெல்சிங்கியில் ஃபின்ஏர் லவுஞ்சில் சவுனா உண்டு என்று கேள்விப்பட்டு பிசினஸ் டிக்கெட்டுடன் துண்டைத் தேடுகிறவருக்குத் தெரியவருவது, சவுனா அடுத்த கதவுக்கு உள்ளே, ‘பிளாட்டினம் விங்’கில் இருக்கிறது என்பது. தோஹாவின் அல் முர்ஜான் பிசினஸ் லவுஞ்ச் 10,000 சதுர மீட்டர். அவ்வளவு பரப்பில் உட்கார்ந்தும் அல் சஃப்வா எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். அது முதல் வகுப்புக்கு உரியது.

கூட்டம் உள்ளே வரவர, மேலும் உள்ளே ஒரு கதவு முளைக்கும் என்பது நமது சூத்திரம். அமெரிக்காவில் டெல்டாவின் ஸ்கை கிளப்களில் நெரிசல் தாங்காமல் 2022இல், புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் வராதீர்கள் என்று விதி போட்டார்கள். 2024இல் நியூயார்க் ஜேஎஃப்கே நிலையத்தில் ‘டெல்டா ஒன்’ என்ற உயர் வகுப்புப் பயணிகளுக்கென வேறு லவுஞ்ச் திறந்தார்கள். 1939இன் அழைப்பிதழ் வேறு மையில் அச்சாகியிருக்கிறது.

களத்தில் இறங்குவோருக்குச் சிறு குறிப்புகள். பக்கத்து நாற்காலியில் கிடக்கும் பைக்கு உரிமையாளர் வரமாட்டார். பை மட்டுமே அங்கு பயணம் செய்கிறது. பிளக் பாயிண்ட் எப்போதும் மூன்றாவது நாற்காலிக்குக் கீழே இருக்கும், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். குளியலறைக்கு வந்தவுடனே பெயர் கொடுத்து வைக்கவும். சாப்பிட்டு முடித்துப் போனால் பட்டியல் நீண்டிருக்கும். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பே செய்வதில்லை, அமைதி கெடும் என்று. அமைதியில் லயித்து விமானத்தை விட்டவர்கள் உண்டு.

கதவுகளுக்கு முடிவே இல்லையா எனின், உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சா 2004இல் முதல் வகுப்புக்கென்றே தனி முனையம் திறந்தது. அங்கே குளியல்தொட்டிக்கு ரப்பர் வாத்தும் தருகிறார்கள். நேரமானதும் விமானத்தின் காலடிவரை காரில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதற்கும் அப்பால் ஒருவர் இருக்கிறார்: சொந்த விமானம் வைத்திருப்பவர். அவர் தாமதமாக வந்தால் விமானம் அவருக்காகக் காத்திருக்கும். அவர் இவ்வியலில் அடங்கார். விமான இயலில் காண்க.