திருப்பிப் பார், விமர்சகா!

கேரளத்துப் பாலராமபுரம் சாலியர் தெருவில் வேட்டி வாங்க வருகிறவர் முதலில் துணியைத் திருப்பிப் பார்ப்பார். எங்கள் நெசவுக்குப் பெருமையே அதுதான். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே முகம். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்தான் நம்ம விமர்சகப் பெருமான். முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் செல்போனை நீட்டி, ‘படம் தீ’ என்பார். டீக்கடைக்கு வந்ததும், ‘உட்கார முடியல அண்ணாச்சி’ என்பார். துணிக்கு ஒரு முகம், அவருக்கு இரண்டு.

முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி லேக், பிஜிஎம் வேற லெவல். இவ்வளவுதான் அவர் கல்வி. களியக்காவிளை எல்லை தாண்டினால் மொழி மாறும், சரக்கு மாறாது.

இவரைக் கண்டுதான் கோடிகளைக் கொட்டியவர்கள் நடுங்குகிறார்கள்! 2024இல் ‘கங்குவா’ படம் வந்த கையோடு, யூடியூபர்களைத் தியேட்டருக்குள் விடாதீர்கள் என்றது தமிழ்த் தயாரிப்பாளர் சங்கம். மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தடை கிடைக்கவில்லை. கேரளத்திலோ 48 மணி நேரம் பொறுக்கச் சொல்லி ஒரு யோசனை. ‘மூன்று நாள் துவைக்காதே, சாயம் போனாலும் மூச்சு விடாதே’ என்று சொல்லி நாங்கள் வேட்டி விற்றால் சும்மா விடுவீர்களா? படம் வருமுன்பே காசு கொடுத்துப் பாடவைத்த புகழுக்கு மட்டும் ஒரு மணி நேரத் தடைகூடக் கிடையாதா?

இந்த மண்ணில் மலையாள சினிமாவுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் எது தெரியுமா? கல். ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் ஓடியபோது, தலித் பெண் பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்தது பொறுக்காமல் திரை மீது எறிந்தார்கள். அவள் ஊரை விட்டே ஓடினாள். சொத்தை விற்றுப் படமெடுத்த டேனியல், அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் கிடந்தார். தமிழ்நாட்டில் இருக்கிறவர் என்று சொல்லி அவருக்கு உதவித்தொகை மறுத்த கேரள அரசு, 1992 முதல் அவர் பெயரில் விருது கொடுக்கிறது. உயிரோடு இருந்தபோது எல்லைக்கு அப்பால், செத்தபிறகு மலையாள சினிமாவின் தந்தை. அரசுக்கும் இரண்டு முகம்தான்!

அந்தக் கல் இன்னும் கீழே விழவில்லை. நாயகன் சாதிப் பெருமையில் மீசை முறுக்கும்போது நம்ம பெருமான், ‘மாஸ் சீன், விசில் பறக்குது’ என்கிறார். அன்றைக்குக் கேப்பிட்டலில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ‘ரோசி நடிப்பு ஓகே, கல்லெறி சீன் வேற லெவல்!’

விமர்சகரே, உங்கள் மூன்றரை நட்சத்திரத்தை மடித்து வையுங்கள். உங்கள் அப்பா துணி பார்க்கிற மாதிரி ஒரு தடவை படம் பாருங்கள். திருப்பிப் பாருங்கள்.