கிருமிக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தான் பிடிக்குமாம்

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் பரவிய ஒமைக்ரான் என்ற கொரோனா உருமாற்றம், நம் அரசின் கணிப்பில், மகா ஒழுக்கமான கிருமி. சினிமா தியேட்டரில் பாதி நாற்காலி காலியாக இருந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விடும். நகைக்கடையில் பாதிக் கூட்டம் என்றால் படியேறாது. டாஸ்மாக் பக்கம் தலைவைத்தும் படுக்காது. குடிப்பழக்கம் இல்லை போலும். தெருவில் உலாத்துவதும் இரவில்தான். அதற்குத்தான் இரவு ஊரடங்கு. ஆனால் படிப்பின்மேல் மட்டும் தீராத மோகம். ஒன்றாம் வகுப்பில் அ, ஆ எழுதும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஒன்று முதல் ஒன்பது வரை வகுப்புகளுக்குத் தடை!

2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகளை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்திருந்தார்கள். பூட்டுக்குப் போட்ட எண்ணெய் காய்வதற்குள் மறுபடியும் பூட்டு. பிப்ரவரி 1 அன்று கிருமிக்குப் படிப்பு சலித்துவிட்டது, பள்ளிகள் திறந்தன. பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். வாக்குச்சாவடிக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமே!

"லேசான தொற்றுதான்" என்றார்கள். யாருக்கு? இரண்டு ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்களுக்கு. மூன்று வயதுக் குழந்தையின் மூச்சுப்பாதை குறுகல். அங்கே வீக்கம் கண்டால் நாய் குரைப்பதுபோல் இருமல், மூச்சிழுப்பு. சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் சில நாளில் தேறிவிட்டார்கள், உண்மைதான். தேறாத பிள்ளையின் தாயிடம் போய் அந்தப் "பெரும்பாலான"வைச் சொல்லிப் பாருங்கள்.

தடுப்பூசிக் கதை இன்னும் அருமை. 2022 ஏப்ரலில், ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் ஊசி போடலாம் என்று டெல்லி அனுமதி கொடுத்தது. அனுமதி வந்தது, ஊசி வரவில்லை. அரசுத் திட்டம் 12 வயதுக்குக் கீழே இறங்காமல் நின்றுபோனது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கா ஆறு மாதக் குழந்தைக்கே அனுமதி கொடுத்துப் போடவும் தொடங்கியது. நம் பிள்ளைகள் மேல் என்ன குற்றம்? தடுப்பூசிச் சான்றிதழில் இருந்த பிரதமர் படத்தைப் பார்த்து ஓட்டுப் போடும் வயது அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டில்லாதவனுக்கு ஊசியில்லை, பள்ளியில்லை. அவன் பெயரைச் சொல்லி பயம் காட்டுவதற்கு மட்டும் எல்லோரும் உண்டு.

அடுத்த உருமாற்றம் வரத்தான் போகிறது. அப்போது முதலில் மூட வேண்டியது மதுக்கடை. கடைசியில் மூட வேண்டியது பள்ளிக்கூடம். இடைப்பட்ட காலத்தில் வகுப்பறைக்கு நாலு ஜன்னலும், வட்ட மருத்துவமனையில் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் படுக்கையும் போட்டு வையுங்கள். இதற்கு நிபுணர் குழு வேண்டாம், வெட்கம் இருந்தால் போதும்.