சவுக்கு மலை

பெரியப்பா கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்கியதற்கு நான்தான் காரணம். இதை அவர் சொந்தக்காரர் கல்யாணங்கள் எல்லாவற்றிலும் பெருமையாகச் சொல்வார். நான் இலையை விட்டுத் தலை நிமிர்வதில்லை.

"ஏம்ப்பா, சுனாமி ஆராய்ச்சி பண்றியே, அடுத்தது எப்போ வரும்?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டார். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான். தெரியாது என்று முடித்திருக்கலாம். படித்த திமிர் விடவில்லை. தாய்லாந்தில் ப்ரா தோங் என்றொரு தீவு இருக்கிறது, அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் 2004 சுனாமி கொட்டிய மணலுக்குக் கீழே அதைப் போலவே இன்னொரு மணல் அடுக்கைக் கண்டார்கள், அதன் வயது ஏறத்தாழ 550 முதல் 700 ஆண்டு என்று 2008-இல் எழுதினார்கள் என்று பந்தியிலேயே வகுப்பெடுத்தேன். பெரியப்பா கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். விரல்கூட மடக்காமல் கூட்டிவிட்டார். "அப்போ 2550 வரைக்கும் பயமில்லைங்கிற."

அப்படி இல்லை, போன இடைவெளி அவ்வளவு என்பதால் அடுத்ததும் அவ்வளவு இருக்க வேண்டியதில்லை, சுமத்ரா–அந்தமான் பள்ளத்தில் வேறு பகுதி உடையலாம், அந்தப் பக்கம் அரபிக் கடலில் மக்ரான் கரை இருக்கிறது, 1945-இல் அங்கே கிளம்பிய அலை மும்பை வரை வந்தது என்று நான் வாயைத் திறப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. அடுத்த மாதம் பத்திரப் பதிவு.

அலை வரும்போது எச்சரிப்பது என் வேலை அல்ல. அதற்கு ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 அக்டோபர் முதல் இரவு பகலாக ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு முந்தைய கட்டத்து ஆள். இப்படியொரு அலை வந்தால் எந்தத் தெரு வரை தண்ணீர் ஏறும் என்று கணினியில் வரைந்து வைப்பவன். நடுக்கடலில் அலையைத் துரத்துவது பெரிய வித்தையே இல்லை. ஆழம் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்குச் சற்று மேல், கரையோரம் 10 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் 36 கிலோமீட்டர். என் மானம் போவதெல்லாம் அந்தப் பத்து மீட்டருக்கு இந்தப் பக்கம்தான்.

நாகை மாவட்டக் கடலோர ஊர் ஒன்றுக்கு வரைபடம் போட்டேன். தரையின் உயரத்துக்கு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த தரவை எடுத்துக்கொண்டேன். காசில்லாமல் கிடைப்பது. படம் அழகாக வந்தது. ஊரெல்லாம் நீலம், வடக்கு ஓரத்தில் மட்டும் பச்சையாக ஒரு மேடு. எவ்வளவு பெரிய அலையை அனுப்பினாலும் அது நனையவில்லை. கூட்டத்தில் வட்டாட்சியர் அதன்மேல் விரலை வைத்தார். "சார், சனங்கள இங்க ஏத்திடலாமா?" தாராளமாக என்றேன். எத்தனை பேர் நிற்கலாம் என்றுகூடக் கணக்குச் சொன்னதாக ஞாபகம்.

பின்வரிசையிலிருந்து கிராம நிர்வாக அலுவலர் எழுந்தார். "ஐயா, அங்க மேடு ஏதுங்க? அது சவுக்குத் தோப்பு."

ரேடார் அலை அடர்ந்த தோப்புக்குள் தரை வரை முழுதாக இறங்காது. மரத்தலையைத்தான் தரை என்று எழுதிக்கொள்ளும். கூரையையும் அப்படியே. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சோழமண்டலக் கரையில் சவுக்கு நடாத ஊர் ஏது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவமானம் அதோடு நிற்கவும் இல்லை. தோப்பையும் வெட்டி, சாரக் கம்புக்கு விற்று, வருஷக்கணக்காகிறது என்றார். இல்லாத மரத்தின் உச்சியில் ஒரு ஊரையே ஏற்றிவிடப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்துத் தரை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்கு அடியிலேயே எழுதியிருக்கிறது. அதன் நிழலில் நின்று டீ குடித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கே போனேன்.

நிலநடுக்கத்தையாவது கண்டுபிடிப்பேன் என்று நினைப்பீர்கள். 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை, மதியம் 2 மணி தாண்டியிருந்தது. சென்னையில் மாடி அலுவலகத்தில் சாப்பாடு முடித்து உட்கார்ந்திருந்தேன். தலை சுற்றியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று முடிவு செய்து, மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். டீ கொண்டுவருகிற பையன் வாசலில் நின்று, "சார், பூகம்பம் சார், எல்லாரும் எறங்கிட்டாங்க, நீங்க என்ன சார் பிஸ்கட் துன்றீங்க?" என்றான்.

சுமத்ராவுக்கு மேற்கே, எங்களிடமிருந்து 1,800 கிலோமீட்டருக்கு அப்பால், 8.6 அளவு நிலநடுக்கம். (ரிக்டர் என்று எழுதாதீர்கள் என்று செய்தியாளர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இவ்வளவு பெரிய நடுக்கத்தை அந்த அளவுகோலால் அளக்க முடியாது.) தமிழகக் கரைக்கும் எச்சரிக்கை வந்தது. மெரினாவைக் காலி செய்தார்கள். வீட்டிலிருந்து போன். "ஏங்க, வருமா வராதா?" நிலத்தட்டு மேலும் கீழுமாக நகர்ந்திருந்தால் தண்ணீரைத் தூக்கும், பக்கவாட்டில் நழுவியிருந்தால் தூக்காது, எது என்று உறுதியாகக் கொஞ்ச நேரம் ஆகும் என்று நிதானமாக விளக்கினேன். மறுமுனையில் ஆட்டோ சத்தம் கேட்டது. என் மனைவி பிள்ளைகளோடு தாம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் பாதி தூரம் போயிருந்தாள். அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். எச்சரிக்கை வந்துவிட்டால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

நானோ தெருவில் கூடியிருந்தவர்களிடம், பெரியது முடிந்துவிட்டது, இனிமேல் சின்னச் சின்னப் பின்னதிர்வுதான் என்று அறிவித்தேன். 4.13-க்கு அந்தச் 'சின்னது' வந்தது, 8.2. அது மட்டும் தனியாக வந்திருந்தால் அந்த வருஷத்தில் உலகின் மிகப் பெரிய நிலநடுக்கம் அதுதான். இரண்டுமே பக்கவாட்டு நழுவல் என்பதால், நம் கரையில் நின்றவர் கண்ணில் படுகிற மாதிரி அலை எதுவும் வரவில்லை. பிழைத்தது ஊரும் என் பேரும்.

பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். என்னிடம் ஓர் அசைபடம் உண்டு. கடல் சரசரவென்று உள்வாங்கும், படகுகள் சேற்றில் சாயும், பிறகு அலை எழும்பி வரும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். மீனவ ஊர்ப் பள்ளி ஒன்றில் அதை ஓட்டியபோது ஓரத்தில் நின்ற பெரியவர் கேட்டார். "தம்பி, இது எந்த ஊரு? இங்க கடலு உள்வாங்கல. ஒரேயடியா ஏறித்தான் வந்துச்சு."

அவர் சொன்னதுதான் சரி. 2004 டிசம்பர் 26 அன்று ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடித் தட்டு உடைந்தபோது மேற்குப் பக்கம் எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது, சென்னையிலும் நாகையிலும் முதலில் ஏறியது. இது எனக்குத் தெரியாதா என்ன? துறைமுக அலைமானிகளின் வரைகோட்டை வைத்துக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். அசைபடம் வெளிநாட்டில் செய்தது, பார்க்க நன்றாக இருந்தது, ஓட்டினேன். நாளைக்கு ஒருவன் கடல் உள்வாங்கவில்லையே என்று கரையில் நின்றால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. இன்னொரு பக்கம், திருச்செந்தூரிலோ ராமேஸ்வரத்திலோ அமாவாசை பௌர்ணமிக்குக் கடல் கொஞ்சம் உள்வாங்கினால் போதும், தொலைக்காட்சிக்காரர்கள் என்னைத் தேடுகிறார்கள். வற்றுப்பெருக்கு ஐயா என்றால் அவர்களுக்கு முகம் வாடிவிடுகிறது.

இத்தனை கூத்துக்கு நடுவில் நான் பொறாமைப்படுகிற ஓர் எச்சரிக்கை உண்டு. புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்ற மீனவ ஊர். 2004-இல் நம் கரைக்கு எச்சரிக்கை மையம் எதுவும் கிடையாது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் தப்பித்தது. கணினிக் கணக்கு இல்லை, வரைபடம் இல்லை, நிகழ்தகவு இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினார்கள். நான் எழுதுகிற அறிக்கையில் ஓடு என்ற செய்தி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று ஒருமுறை தேடினேன். பின்னிணைப்பில் இருந்தது.

ஆகவே கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, பின்னிணைப்பிலிருந்து எடுத்து முன்னால் வைக்கிறேன். சுமத்ரா பக்கம் நிலம் நடுங்கினால் நமக்கு இங்கே தெரியாமலே போகலாம், எனக்கே தெரியவில்லை. 2004-இல் காலை 6.29-க்கு நடுங்கியது, அலை நம் கரைக்கு வரச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. எச்சரிக்கை கேட்டவுடன் கிளம்பினால் அது நடந்து தப்பிக்கப் போதுமான நேரம். கடல் உள்வாங்குகிறதா என்று போய்ப் பார்க்காதீர்கள். முதல் அலைதான் பெரியது என்றும் இல்லை, அலைகள் மணிக்கணக்கில் அடுத்தடுத்து வரும். திரும்பலாம் என்று அறிவிப்பு வரும்வரை படகைப் பார்க்கக்கூடக் கரைக்கு வராதீர்கள். எனக்குப் போன் செய்து சந்தேகம் கேட்காதீர்கள், நான் விளக்க ஆரம்பித்துவிடுவேன்.