கண் மூடிய சித்தப்பா: ஃபிலிம், டிஜிட்டல் கேமராக்கள் குறித்த ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுப் பொருள்

அன்றாடப் படங்களுக்கு ஃபிலிம் கேமரா உகந்ததா, டிஜிட்டல் கேமரா உகந்ததா என்ற வழக்கு நெடுநாளாக நிலுவையில் இருக்கிறது. முன்னைய ஆய்வாளர்கள் நிறம், துல்லியம், செலவு ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு மயங்கினர். இவ்வாய்வு ஒரே அளவுகோலைக் கொள்கிறது: எங்கள் சித்தப்பாவின் கண்ணிமை. குடும்பப் படம் எதிலும் அவர் கண் மூடியிருப்பார் என்பது ஊரறிந்த செய்தி ஆகையால், அதை இங்கே நிறுவ முற்படவில்லை.

முதன்மைச் சான்றுகள், பாட்டியின் டிரங்குப் பெட்டியிலுள்ள இரண்டு ஆல்பங்களும் ஒரு மஞ்சள் பை நிறைய நெகட்டிவ்களும். துணைமைச் சான்று, என் போனிலுள்ள பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள். இவற்றை முழுதும் பார்த்தவர் எவருமிலர், எடுத்தவன் உட்பட.

2. கோட்பாட்டுப் பின்புலம்

சித்தப்பாவுக்கு அறிவியல் துணை நிற்கிறது. குழுப் படத்தில் ஒருவரும் கண் மூடாமலிருக்க எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று கணக்கிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவருக்கும் 2006இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. கேமராவுக்கு முன் நிற்பவர் நிமிடத்துக்குச் சுமார் 10 முறை இமைக்கிறார். ஓர் இமைப்புக்குக் கால் வினாடி. அவர்கள் தந்த சூத்திரம் எளிது: 20 பேருக்குக் குறைவான குழுவில், நல்ல வெளிச்சம் என்றால் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகு; வெளிச்சம் மட்டம் என்றால் இரண்டால் வகு.

நாங்கள் 18 பேர். கூடத்தில் ஒரே ஒரு டியூப் லைட். ஆக, 9 படம். இந்தக் கணக்கு அனைவரையும் சமமாகவே பாவிக்கிறது. ஒவ்வொரு முறையும் அது சித்தப்பா தலையில் மட்டும் விடிவது ஏன் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

3. ஃபிலிம் காலம்

ஒரு ரோலுக்கு 36 படம். பார்த்து ஏற்றினால் 38 வரை தேறும் என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. 9 படம் என்பது கால் ரோல். ஒரு குழுப் படத்துக்குக் கால் ரோலைச் செலவழிப்பவனுக்கு அந்நாளில் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். எனவே ஒரு கிளிக். தாராள மனசுக்காரர் என்றால் "சேஃப்டிக்கு இன்னொண்ணு".

முடிவும் உடனே தெரியாது. ரோல் முடிய வேண்டும். பொங்கலுக்குப் போட்ட ரோல் ஆடி வரை கேமராவுக்குள் கிடக்கும். பொறுமை இழந்த ஒருநாள், தென்னை மரம், எதிர்வீட்டு நாய், மேசை விசிறி ஆகியவற்றை எடுத்து முடிப்பார்கள். ஆல்பங்களின் கடைசிப் பக்கங்களில் காணப்படும் இவை இடைச்செருகல்கள் என்பது அகச்சான்றால் தெளிவு.

பிறகு ஸ்டுடியோவில் கழுவுவார்கள். கலர் நெகட்டிவுக்கு டெவலப்பரின் வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸ். நேரம் 3 நிமிடம் 15 வினாடி. அந்த வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட், பள்ளிக்கு லீவ் லெட்டர் எழுதும் காய்ச்சல். அந்தக் காய்ச்சலில் தெளிந்து வரும்போது சித்தப்பா கண் மூடியிருப்பார். செய்வதற்கு ஒன்றுமில்லை. காசு கொடுத்தாயிற்று, ஒட்ட வேண்டியதுதான்.

ஒட்டிய படத்துக்கு உரை எழுந்தது. உரையாசிரியர், பாட்டி. "அத்தை கல்யாணத்தன்னிக்கு எடுத்தது. ராத்திரி பூரா சமையல் பந்தல்ல பாத்திரத்துக்குக் காவல் இருந்தான். கண்ணு எப்படித் திறக்கும்?"

ஃபிலிமின் குற்றங்களையும் மறைப்பதற்கில்லை. ஒருமுறை ரோல் பல்லில் மாட்டாமலே சுற்றியிருக்கிறது. அதனால் அத்தையின் வளைகாப்பு வரலாற்றில் நிகழவேயில்லை.

4. டிஜிட்டல் காலம்

கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவின் எடை சுமார் 3.6 கிலோ. ஒரு படத்தில் பத்தாயிரம் புள்ளிகள். அதை கேசட் நாடாவில் பதிக்க 23 வினாடி. மேற்படி கணக்கின்படி அந்நேரத்தில் சித்தப்பா ஏறக்குறைய நான்கு முறை இமைத்திருப்பார். இன்றைய போனுக்கு அந்த அவகாசம் தேவையில்லை. சென்ற பொங்கலன்று ஒரே நிமிடத்தில் 14 படம் எடுத்தேன். சூத்திரம் கேட்டதைவிட ஐந்து அதிகம்.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிப் பாடபேதம் பார்த்தார். எனக்குப் பதினான்கு பாடங்களும் உள்ளங்கையிலேயே கிடைத்தன. ஒப்புநோக்கியதில் ஒன்பதாம் படத்தில் சித்தப்பாவின் கண்கள் திறந்திருந்தன. திறந்திருந்தன என்பது குறைவு. ஹெல்மெட் இல்லாமல் போலீஸிடம் மாட்டியவர்போல் விழித்திருந்தன. அதை வைத்துக்கொண்டு மற்ற பதின்மூன்றையும் அழித்தேன். போனில் இடமில்லை.

படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

"யாருடா இது? நம்ம வீட்டு ஆளு ஜாடையா இருக்கானே?"

5. பெறப்படும் முடிவு

பெற்றவளாலேயே அடையாளம் காண முடியாத படத்தைத் துல்லியமானது என்று ஏற்க இவ்வாய்வு மறுக்கிறது. ஆனால் வளைகாப்பை இழந்த குடும்பம் மீண்டும் ரோலை நம்பவும் இயலாது. ஆகவே அன்றாடப் படத்துக்கு டிஜிட்டலே தக்கது என்று தீர்மானிக்கப்படுகிறது. பிழை கருவியில் இல்லை. அழிக்கும் விரலில் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் நமக்குத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அதனால் இருந்தபடியே இருந்தோம்.

வாசகர்களுக்கு ஒரே விண்ணப்பம்: பதினான்கு எடுங்கள், இருபதும் எடுங்கள். அழிக்கும்போது, கண் மூடிய ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.